இங்கிலாந்தில் பனை மரம் எப்படி நிற்கிறது?

இன்னைக்கு எபிசோட்ல கோட் இல்லை, ஏஐ இல்லை, இன்டர்வியூ டிப்ஸும் இல்லை. தோட்டம். "நான் எதுக்குத் தோட்டம் பத்திக் கேட்கணும்"னு தோணுச்சுன்னா ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. ராத்திரி ஆன்-கால்ல உட்கார்ந்து சர்வரைப் பார்த்துக்கிட்டு முழிச்சிருந்த யாருக்கும் இந்தக் கதை நல்லாவே புரியும்.

முதல்ல ஒரு உலக மேப்பை மனசுல விரிச்சுக்கோங்க. கனடாவுல வின்னிபெக்னு ஒரு ஊர் இருக்கு. கிட்டத்தட்ட 50 டிகிரி வடக்கு அட்சரேகை. ஜனவரி மாசத்துல அங்க சராசரி வெப்பநிலையே மைனஸ் 16 பக்கம். இப்போ அதே 50 டிகிரி கோட்டுல விரலை வச்சு கிழக்கே இழுத்துக்கிட்டே வாங்க. அட்லாண்டிக்கைத் தாண்டி, இங்கிலாந்தோட தென்மேற்கு மூக்கு ஆரம்பிக்கிறதுக்கு ஒரு 45 கிலோமீட்டர் முன்னாடி, குட்டிக் குட்டியா சில தீவுகள் வரும். பேரு சில்லி தீவுகள். மிளகாய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

அதுல ட்ரெஸ்கோன்னு ஒரு தீவு. அங்க ஒரு தோட்டம் இருக்கு, ட்ரெஸ்கோ அபே கார்டன். உள்ளே போனா தென்னாப்பிரிக்காவோட ப்ரோட்டியா பூ, கேனரி தீவுகள்ல இருந்து வந்த எக்கியம், நியூசிலாந்துக் கடற்கரைகள்ல வளர்ற பொஹுடுகாவா மரம், அப்புறம் மெக்சிகோ பக்கத்து அகேவ். அகேவ்னா வேற ஒண்ணும் இல்லை, நம்ம ஊர் ரோட்டோரம் முள்ளு முள்ளா நிக்குமே ஆனைக்கற்றாழை, அந்தக் குடும்பம்தான். எல்லாமே திறந்த வெளியில. கண்ணாடிக் கூண்டு கிடையாது, ஹீட்டர் கிடையாது.

வின்னிபெக்ல மூக்கை வெளிய நீட்ட முடியாத அதே அட்சரேகையில இது எப்படி சாத்தியம்?

எல்லாரும் உடனே சொல்ற பதில், "அங்க வெயில் ஜாஸ்தி போல." இல்லை. சில்லி தீவுகள்ல வருஷ சராசரி வெப்பநிலை சுமார் 12 டிகிரிதான். ஆகஸ்ட் மாசத்துப் பகல்லயே 19, 20 டிகிரி. நம்ம ஏசி ரிமோட்ல அந்த நம்பர் வச்சா அம்மா வந்து ஆஃப் பண்ணிட்டுப் போயிருவாங்க. "சப்-டிராபிகல் கார்டன்"னு போர்டு போட்டிருக்கிற இங்கிலாந்துத் தோட்டங்கள் எதுவுமே காலநிலைப்படி சப்-டிராபிகல் இடத்துல இல்லை. புவியியல் புத்தகத்துல இதுக்குப் பேரு கடல்சார் மிதவெப்பக் காலநிலை. சப்-டிராபிகல்ங்கிறது செடிகளோட ஊரைச் சொல்லுது, தோட்டத்தோட ஊரை இல்லை.

இப்போ இன்னொரு நம்பர். பெய்ஜிங்கோட வருஷ சராசரியும் ஏறக்குறைய இதே 12, 13 டிகிரி தான். ஆனா ட்ரெஸ்கோவுல நிக்குற ப்ரோட்டியாவைக் கொண்டுபோய் பெய்ஜிங்ல வெளிய நட்டா முதல் குளிர்காலத்துலயே காலி. சராசரி ஒண்ணு, முடிவு வேற. ஏன்னா பெய்ஜிங்ல ஜூலை கொளுத்தும், ஜனவரி ராத்திரி உறையும். ரெண்டையும் கூட்டி வகுத்தா நடுவுல ஒரு அழகான நம்பர் வரும். அந்த நம்பர்ல எந்தச் செடியும் வாழறதில்லை.

இங்கதான் நம்ம தொழில் உள்ளே வருது. ஒரு வெப்சைட்டோட ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் 200 மில்லிசெகண்டுன்னு டாஷ்போர்டு பச்சையா காட்டும். ஆனா நூறு பேர்ல ஒருத்தருக்குப் பல செகண்ட் ஆகுதுன்னா, அந்த ஒருத்தர் பேமென்ட் பேஜ்ல இருக்கார்னா, ஆவரேஜை வச்சு என்ன பண்றது? அதனால நாம மோசமான அந்தக் கடைசி ஒரு சதவீதத்தைத் தான் பார்ப்போம். செடிக்கும் அப்படித்தான். செடியோட செல்லுக்குள்ளயும் அதைச் சுத்தியும் இருக்கிறது தண்ணி. அது உறைஞ்சு பனிப்படிகம் ஆனா செல்லுல இருந்து தண்ணியை உறிஞ்சும், சவ்வு கிழியும். மறுநாள் வெயில் வந்து பனி உருகும்போது இலை வேகவச்ச கீரை மாதிரி தொங்கும். இதுக்கு ஒரு ராத்திரி போதும். வருஷத்துல மிச்சம் 364 நாள் எவ்வளவு இதமா இருந்துச்சுங்கிறது கணக்குலயே வராது.

சில்லி தீவுகள்ல ஜனவரி ராத்திரிகளோட சராசரி குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 6 டிகிரி. உறைபனி எப்பவாவது தான் எட்டிப் பார்க்கும். சுத்தி இருக்கிற கடல் அந்த இடத்தைச் சூடாக்கலை. மோசமான ராத்திரியை மட்டும் நீக்கி விட்டிருக்கு, அவ்வளவுதான். இன்னைக்கு நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். மிச்சமெல்லாம் அந்த நீக்கல் எப்படி நடக்குது, அதுக்கு என்ன விலை, அது ஃபெயில் ஆனா என்ன ஆகும்ங்கிற கதை.

எப்படி நடக்குது? கடல் ஒரு பெரிய பவர் பேங்க். ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ பாறையைச் சூடாக்குறதை விட நாலஞ்சு மடங்கு ஆற்றல் வேணும். அதோட தண்ணி கலங்கும். நிலத்துல கோடை வெயில் சில மீட்டர் ஆழத்துக்கு மேல இறங்காது. கடல்ல அலையும் காற்றும் கலக்கிக் கலக்கிப் பல பத்து மீட்டர் ஆழம் வரைக்கும் சூட்டை உள்ளே தள்ளும். அதனால கோடை முழுக்க மெதுவா சார்ஜ் ஆகும், குளிர்காலம் முழுக்க மெதுவா விடும். பிப்ரவரி, மார்ச்லகூட சில்லி தீவுகளைச் சுத்தின கடல் 10 டிகிரி பக்கம் இருக்கும். பத்து டிகிரி தண்ணி நடுவுல இருக்கிற ஒரு சின்னத் தீவு மைனஸுக்குப் போகணும்னா ரொம்பக் கஷ்டப்படணும்.

சென்னைக்காரங்களுக்கு இதோட இன்னொரு பக்கம் நல்லாத் தெரியும். மே மாசம் மத்தியானம் கடல்காற்று உள்ளே வந்துட்டா மெரினா பக்கம் உயிர் வரும். அதே நேரம் வேலூர்ல தார் உருகிக்கிட்டு இருக்கும். அதே வேலையைத்தான் கடல் அங்க குளிர்காலத்துல திருப்பிப் போட்டுச் செய்யுது.

ஆனா வெறும் கடல் மட்டும் போதாது. இதை கூகுள் பண்ணீங்கன்னா முதல் வரியிலயே "கல்ஃப் ஸ்ட்ரீம்"னு வரும். மெக்சிகோ வளைகுடாவுல இருந்து ஒரு வெந்நீர் ஆறு கிளம்பி ஐரோப்பாவுக்கு வந்து சூடு குடுக்குதுன்னு. 1855ல அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மேத்யூ ஃபான்டைன் மோரி கடலின் புவியியல் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். இந்தக் கதை ஊரெல்லாம் பரவ அது ஒரு பெரிய காரணம். 2002ல ரிச்சர்ட் சீகரும் அவரோட சேர்ந்த காலநிலை விஞ்ஞானிகளும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, இந்தக் கதையில கல்ஃப் ஸ்ட்ரீமுக்குக் கிடைச்ச பேரு ரொம்ப ஓவர்னு சொன்னாங்க. முக்கியமான வேலையைச் செய்றது காற்றோட திசையும், கடல் கோடையில சேமிச்ச வெப்பமும்தான்னு அவங்க வாதம். எல்லா விஞ்ஞானிகளும் இதை அப்படியே ஏத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், விவாதம் இருக்கு. ஆனா மேப்லயே ரெண்டு டெஸ்ட் கேஸ் இருக்கு பாருங்க.

ஒண்ணு, கனடாவோட மேற்குக் கரையில இருக்கிற வான்கூவர். 49 டிகிரி வடக்கு. பக்கத்துல கல்ஃப் ஸ்ட்ரீம் கிடையாது, அது வேற சமுத்திரம். ஆனாலும் ஜனவரி சராசரி உறைநிலைக்கு மேலதான். ரெண்டு, அதே கனடாவோட கிழக்குக் கரையில நியூஃபவுண்ட்லாந்து தீவுல இருக்கிற செயின்ட் ஜான்ஸ். சில்லியை விட தெற்கே இருக்கு, ஊரே கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு. ஆனா ஜனவரி சராசரி மைனஸ்ல. வசந்த காலத்துல அந்தக் கரைக்கு ஐஸ்பெர்க் மிதந்து வரும், பார்க்க டூரிஸ்ட் கூட்டம் போகும். வித்தியாசம் என்னன்னா, அந்த அட்சரேகைகள்ல காற்று பெரும்பாலும் மேற்குல இருந்து கிழக்கே வீசும். மேற்குக் கரைக்கு வர்ற காற்று கடலைத் தடவிட்டு வருது. கிழக்குக் கரைக்கு வர்ற காற்று உறைஞ்சு கிடக்கிற கண்டத்தைத் தடவிட்டு வருது. செயின்ட் ஜான்ஸ் பக்கத்துல குளிர் நீரோட்டமும் ஓடுதுங்கிறது உண்மைதான். ஆனா பவர் பேங்க் பக்கத்துல இருந்தா மட்டும் போதாது, ஒயர் உங்க பக்கம் வரணும். அந்த ஒயர் தான் காற்று.

அந்த ஒயர்லயே தான் பிரச்சனையும் வருது.

அட்லாண்டிக் காற்று சூட்டை மட்டும் கொண்டுவராது. உப்பு கொண்டுவரும், புயல் கொண்டுவரும். உப்புத் துளி இலை மேல பட்டா இலை கருகும். நிக்காம காற்று அடிச்சா கொழுந்து எல்லாம் ஒரு பக்கமா சாய்ஞ்சு, மரம் தரையோட தரையா படுத்துக்கும். ஆகஸ்டஸ் ஸ்மித்னு ஒருத்தர் 1834ல சில்லி தீவுகளைக் குத்தகைக்கு எடுத்து ட்ரெஸ்கோவுல வீடு கட்ட வந்தப்ப, அங்க கிட்டத்தட்ட மரமே இல்லாத வெட்டவெளி. பழைய கிறிஸ்தவ மடம் ஒண்ணு இடிஞ்சு கிடந்துச்சு. அந்த இடிபாடுகளைச் சுத்தித் தான் முதல் தோட்டத்தைப் போட்டாங்க. உறைபனி இல்லை, சரி. ஆனா காற்றை நிறுத்தாம எதையும் வளர்க்க முடியாது.

காற்றை நிறுத்த சுவர் கட்டினா போதும்னு தோணும். முழு அடைப்பா சுவர் கட்டினா காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழல் போட்டு இறங்கி, சுவருக்குப் பின்னாடி இருக்கிற செடியைப் போட்டு உலுக்கும். நல்ல காற்றுத்தடுப்பு பாதி ஓட்டையா இருக்கணும். கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு, வேகத்தைக் குறைச்சு விடணும். நம்ம பாஷைல சொன்னா டிராஃபிக்கை பிளாக் பண்ணக் கூடாது, ரேட் லிமிட் பண்ணணும். அதுக்கு மரவேலி தான் சரி. அப்படி நல்லா அமைஞ்ச வேலி, தன் உயரத்தைப் போல பத்து மடங்கு தூரம் வரைக்கும் நிழல் மாதிரி ஒரு அமைதியைக் குடுக்கும்.

ட்ரெஸ்கோவுல அந்த வேலைக்கு வந்தது கலிஃபோர்னியாவோட மான்டரே பைனும் மான்டரே சைப்ரஸும். மான்டரே பைன் இயற்கையா வளர்றது கலிஃபோர்னியாக் கரையில சில இடங்கள்லயும் மெக்சிகோவோட ரெண்டு தீவுகள்லயும் மட்டும்தான். உப்புக் காற்றிலயே பிறந்து வளர்ந்த மரம். அதோட விதையைக் கொண்டுவந்து, ஸ்மித்தும் அவருக்கு அப்புறம் வந்த டோரியன்-ஸ்மித் குடும்பமும் தலைமுறை தலைமுறையா வளர்த்தாங்க.

இந்தக் காத்திருப்புன்னா என்னன்னு புரியணும்னா ஸ்காட்லாந்துக்குப் போகணும். வடமேற்குக் கரையில இன்வர்யூன்னு ஒரு தோட்டம். கிட்டத்தட்ட 58 டிகிரி வடக்கு. மாஸ்கோவை விட வடக்கே! 1862ல ஆஸ்குட் மெக்கென்சிங்கிறவர் அங்க வந்தப்ப அவருக்கு இருபது வயசு. வெறும் பாறையா ஒரு முனை கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுல மரம்னு சொல்ல மூணு அடி உயரத்துல குட்டை வில்லோ மட்டும்தான். மண்ணைக் கூடையில சுமந்து வந்து கொட்டினாங்க. வெளி வட்டத்துல பைன் மரங்களை நட்டாங்க. அப்புறம் காத்திருந்தாங்க, பதினஞ்சு இருபது வருஷம். வேலி வளர்ந்து காற்று அடங்கின பிறகுதான் உள்ளே அவர் ஆசைப்பட்ட வெளிநாட்டுச் செடிகள் பிடிக்க ஆரம்பிச்சுச்சு. ஒரு ஸ்ப்ரின்ட் ரெண்டு வாரம் இழுத்தா நமக்கு மூச்சு முட்டுது. இந்த ஆள் இருபதுல நட்டு நாற்பதுல தோட்டம் போட்டிருக்கார். 1952ல அவர் மகள் அதை நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்துக்குக் குடுத்துட்டாங்க. இன்னைக்கும் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

சரி, இந்த சிஸ்டம் ஃபெயில் ஆனா?

ட்ரெஸ்கோவுல அது நடந்திருக்கு, மூணு வருஷ இடைவெளியில ரெண்டு தடவை, ரெண்டு வேற வேற விதமா. 1987 ஜனவரியில காற்று திசை மாறுச்சு. மேற்குல இருந்து வர வேண்டிய காற்று கிழக்குல இருந்து, உறைஞ்ச ஐரோப்பாக் கண்டத்தைத் தடவிட்டு வந்துச்சு. செயின்ட் ஜான்ஸுக்கு எப்பவும் நடக்கிறது சில்லிக்கு சில நாள் நடந்துச்சு, அவ்வளவுதான். பனி கொட்டுச்சு, வெப்பநிலை மைனஸ் 7 அளவுக்கு இறங்குச்சு. நூத்தம்பது வருஷமா சேர்த்த செடிகள்ல பெரும்பகுதி அந்தச் சில நாள்ல செத்துப்போச்சு. அழுகின சதைப்பற்றுச் செடிகளை வெட்டி அள்ளி, திரும்ப நட ஆரம்பிச்சாங்க. 1990 ஜனவரி 25ஆம் தேதி பிரிட்டன் முழுக்க ஒரு பெரும் புயல் அடிச்சுச்சு. இந்தத் தடவை குளிர் இல்லை, காற்று. தலைமுறையா வளர்த்த அந்த பைனும் சைப்ரஸும் பெரும்பாலும் வேரோட சாய்ஞ்சுச்சு.

ரெண்டையும் பக்கத்துல வச்சு யோசிச்சுப் பாருங்க. முதல் தடவை செத்தது டேட்டா. ரெண்டாவது தடவை விழுந்தது ஃபயர்வால். செடியை விதை போட்டு, கிளை ஒடிச்சு நட்டு, மத்த தோட்டங்கள்ல இருந்து வாங்கி அஞ்சாறு வருஷத்துல மீட்டுடலாம். காற்றுத்தடுப்பை மீட்க மறுபடியும் ஒரு தலைமுறை வேணும். நான் அங்க போனப்ப உள்ளே இருந்த பூக்களை விட வெளி வட்டத்துல நிக்கிற அந்த மரங்களைத் தான் அதிக நேரம் பார்த்தேன். இப்போ நிக்கிறதுல பெரும்பாலானவை 1990க்கு அப்புறம் நட்டது. அதுல சிலது என் வயசு.

[சிரிப்பு] டூரிஸ்ட் எல்லாரும் பூவைப் படம் எடுக்குறாங்க, நான் வேலியைப் படம் எடுக்குறேன்.

இப்போ தீவுல இருந்து பிரிட்டனோட முக்கிய நிலப்பகுதிக்கு வருவோம். கார்ன்வால். ஃபால்மத்னு ஒரு துறைமுக ஊர். அதுக்குப் பக்கத்துல ஹெல்ஃபர்ட் ஆறு கடல்ல கலக்குற கரையில ட்ரெபா, க்ளென்டர்கன்னு ரெண்டு தோட்டம் அடுத்தடுத்து இருக்கு. ரெண்டுமே ஃபாக்ஸ் குடும்பம் உருவாக்கினது. கப்பல் ஏஜென்சி நடத்தின குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம். உலகம் பூரா போய் வர்ற கப்பல்களோட தொடர்பு கையில இருக்கு, செடி வராம இருக்குமா? ட்ரெபாவை உருவாக்கின சார்லஸ் ஃபாக்ஸ் பத்தி அங்க ஒரு கதை சொல்வாங்க. ஒரு மரம் வளர்ந்தா மாடி ஜன்னல்ல இருந்து எப்படித் தெரியும்னு பார்க்க, அதே உயரத்துக்கு சாரம் கட்டச் சொல்லி, மாடியில நின்னு மெகாஃபோன்ல "இடது பக்கம், இன்னும் கொஞ்சம்"ங்கிற மாதிரி கத்துவாராம். நான் பார்த்ததுலயே பழைய மாக்அப் டெஸ்டிங் இதுதான்.

இந்த ரெண்டு தோட்டமும் பள்ளத்தாக்குல இருக்கு. மேலே வீடு, கீழே கடல், நடுவுல சரிவு முழுக்கத் தோட்டம். இது அழகுக்கு மட்டும் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில சரிவுல தண்ணி மாதிரி கீழே வழியும். கீழே வழி அடைஞ்சிருந்தா அங்கயே தேங்கி, அந்தப் பள்ளம் மட்டும் உறையும். ட்ரெபாவுல கீழ்முனை கடற்கரைக்குத் திறந்திருக்கு. குளிர்காற்று அப்படியே வழிஞ்சு கடல் மேல போயிரும். டிரெய்னேஜ் சரியா இருக்கிற தெரு மாதிரி. அதே நேரம் ரெண்டு பக்கச் சரிவும் மேல இருக்கிற மரங்களும் புயல்காற்றை மறைக்கும். ட்ரெஸ்கோவுல மனுஷன் கட்டி எழுப்பினதுல பாதியை இங்க நிலமே குடுத்துருச்சு.

ஏப்ரல் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ட்ரெபாவுல மேலே இருந்து கீழே நடந்தேன். மேலே ஜாக்கெட் ஜிப்பை முழுசா மூடியிருந்தேன். பாதி இறங்கினதும் காற்று சத்தமே இல்லை. ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல மரப் பெரணிகள், அதுக்கு மேல ட்ராக்கிகார்பஸ் பனை. சீனாவோட பனை அது. ராபர்ட் ஃபார்ச்சூன் 1849ல அனுப்பி வச்ச பிறகுதான் பிரிட்டன்ல பரவுச்சு. உண்மையிலயே குளிர் தாங்கும். ஆனா கார்ன்வால் ரோட்டோரம் எங்க பார்த்தாலும் நிக்குமே "கார்னிஷ் பாம்", அது பனையே இல்லை. நியூசிலாந்தோட கார்டிலைன். அஸ்பாரகஸ், அதாவது நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கு, அந்தக் குடும்பத்துச் செடி. பீச் போஸ்ட்கார்டுல பனை வேஷம் போட்டுக்கிட்டு நிக்குது.

வாழையும் இருக்கு. அங்க இருந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

"அங்கெல்லாம் வாழை குலை தள்ளுமா கண்ணு?"

முழுத் தோட்டத்துக்கும் இதை விட நல்ல கேள்வி இல்லை. அது ஜப்பான் வாழைன்னு பேரு வாங்கின ஒரு சீன வகை. எப்பவாவது பூ விடும், விரல் மாதிரி குட்டிக் காய் வரும், சாப்பிட முடியாது. ஏன்னா கடல் மோசமான ராத்திரியை எடுத்துட்டுப் போன மாதிரியே நல்ல பகலையும் எடுத்துட்டுப் போயிருச்சு. பவர் பேங்க் கோடையில சார்ஜ் ஆகணும்ல? அந்தச் சூடு எங்க இருந்து வருது? தோட்டத்துல விழ வேண்டிய கோடைச் சூட்டுல இருந்து தான். உயிரோட இருக்கலாம், பழுக்க முடியாது. மாங்கா, தென்னை எல்லாம் அங்க கனவுல கூட கிடையாது.

ட்ரெபாவோட கீழ்ப்பாதியில கன்னரான்னு ஒரு செடிக் காடு இருக்கு. ஒரு இலையே ரெண்டு மீட்டர் அகலம் வரும். கோடையில அதுக்கு அடியில பாதை போட்டு நடக்க விடுவாங்க, குடைக்கு அடியில எறும்பு போற மாதிரி இருக்கும். இதுல ஒரு சமீபத்திய ட்விஸ்ட். பிரிட்டன்ல கன்னரா டிங்க்டோரியான்னு ஒரு வகை வேகமா பரவி மத்த செடிகளை அழிக்குதுன்னு விக்கவும் புதுசா வளர்க்கவும் தடை பண்ணியிருந்தாங்க. பிரேசில்ல இருந்து வந்த கன்னரா மானிகாட்டா நல்ல பிள்ளை, அதை வளர்க்கலாம்னு இருந்துச்சு. சமீபத்துல ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தா, மானிகாட்டான்னு தோட்டங்கள்ல வளர்ந்துக்கிட்டு இருந்தது எல்லாம் அந்த ரெண்டும் கலந்த கலப்பினம். தடையான அம்மாவோ அப்பாவோ இருந்தா பிள்ளைக்கும் தடை. நூறு வருஷமா லேபிள் தப்பு.

இந்தத் தோட்டங்களோட இந்தப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கப்பல்ல வந்ததுல எல்லாம் தோட்டத்துக்குள்ள நிக்கலை. சில்லியில தென்னாப்பிரிக்காவோட கார்ப்போப்ரோட்டஸ் கொடி மணல்மேடு, பாறை எல்லாம் மூடிப் படருது. பெரிய நிலப்பகுதியில ரோடோடென்ட்ரான் பான்டிகம் காட்டுக்குள்ள புகுந்து, மரங்களைத் தாக்குற ஒரு நோய்க்கிருமிக்கும் வீடா இருக்குன்னு வெட்டி வெட்டி எடுக்குறாங்க. நீலகிரிக்குப் போனவங்களுக்கு இந்தக் கதை தெரியும். அதே நூற்றாண்டு, அதே பேரரசு, ஆஸ்திரேலியாவுல இருந்து வாட்டிலும் யூகலிப்டஸும் வந்து, இன்னைக்கு சோலைக் காட்டுப் புல்வெளியை விழுங்கிக்கிட்டு இருக்கு. இதமான இடத்துல நாம கொண்டுவந்தது வாழ்ந்தா சந்தோஷம். ரொம்ப நல்லா வாழ்ந்தா தலைவலி.

ட்ரெபாவோட கடைசியில தோட்டம் ஒரு சின்ன பீச்ல முடியும். 1944 ஜூன்ல அமெரிக்க 29ஆவது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த 7,500 பேர் நார்மண்டியோட ஒமாஹா கடற்கரைக்குக் கப்பல் ஏறின இடம் அது. போருக்கு அப்புறம் தோட்டம் பல வருஷம் கவனிப்பார் இல்லாம புதரா கிடந்துச்சு. 1981ல டோனி ஹிப்பர்ட்னு ஒரு ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ரிட்டயர்மென்ட் வீடுன்னு வாங்கி, அப்புறம் அந்தத் தோட்டத்தை மீட்கிறதையே வேலையா வச்சுக்கிட்டு, 1987ல பொதுமக்களுக்குத் திறந்தார். ஹெலிகன் கதை இன்னும் சோகம்: அங்க கழிப்பறைச் சுவர்ல தோட்டக்காரங்க 1914 ஆகஸ்ட்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க, அவங்கள்ல பலர் முதல் உலகப் போர்ல இருந்து திரும்பலை, தோட்டம் பல பத்து வருஷம் முள்ளுக்குள்ள புதைஞ்சு கிடந்து 1990லதான் மறுபடி வெளிய வந்துச்சு. உறைபனி, புயல் ரெண்டுக்கும் அடுத்த மூணாவது ஃபெயிலியர் இது. ஆள் இல்லாம போறது.

இப்போ உலகம் சூடாகுதே, இவங்களுக்கு நல்லதுதானேன்னு கேட்பீங்க. உறைபனி ராத்திரிகள் குறையுதுங்கிறது உண்மை. ஆனா எனக்கு இதுல ஒரு பழைய பயம் இருக்கு, தொழில்ல இருந்து வந்த பயம். ரெண்டு வருஷம் அவுட்டேஜ் இல்லைன்னா என்ன பண்ணுவோம்? பேக்கப் டெஸ்ட் பண்றதை நிறுத்துவோம், ரிஸ்க்கான டெப்ளாய்மென்ட்டை வெள்ளிக்கிழமை சாயங்காலம் தள்ளுவோம். தோட்டத்துலயும் இதமான குளிர்காலம் பத்து வருஷம் தொடர்ந்தா இன்னும் மென்மையான செடிகளை வெளிய நடுற ஆசை வரும். சராசரி ஏறினாலும், கிழக்குக் காற்று வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கலை. நல்ல தோட்டக்காரங்க ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் முக்கியமான செடிகள்ல இருந்து கிளை ஒடிச்சு, கண்ணாடி வீட்டுக்குள்ள தனியா வேர் பிடிக்க வைக்கிறாங்க. ரீஸ்டோர் பண்ணிப் பார்த்த பேக்கப் அது.

போகணும்னு ஆசை வந்திருந்தா சில விஷயம். லண்டன் பேடிங்டன்ல இருந்து ராத்திரி ஸ்லீப்பர் ரயில் ஒண்ணு நேரா பென்சான்ஸ் வரைக்கும் போகுது, நம்ம நெல்லை எக்ஸ்பிரஸ் ஃபீல், ஆனா சாப்பாடு எதிர்பார்க்காதீங்க. பென்சான்ஸ்ல இருந்து வசந்தத்துல ஆரம்பிச்சு இலையுதிர் காலம் வரைக்கும் சில்லிக்குக் கப்பல் உண்டு, சுமார் மூணு மணி நேரம். கடல் நல்லாவே ஆட்டும், வயிறு காலியாவும் வேண்டாம், நிறைச்சும் வேண்டாம். ஹெலிகாப்டரும் இருக்கு, பர்ஸ் தாங்கினா. ட்ரெபா, க்ளென்டர்கன் ரெண்டையும் ஃபால்மத்ல தங்கி பஸ்லயே ஒரே நாள்ல பார்க்கலாம். மக்னோலியாவும் ரோடோடென்ட்ரானும் வேணும்னா மார்ச்ல இருந்து மே. ட்ரெஸ்கோவுக்கு ஜூன் நல்லா இருக்கும். எக்கியம் மூணு நாலு மீட்டர் உயரத்துக்கு நீலத் தூண் மாதிரி நிக்கும். அந்தச் செடி பூத்து முடிச்சதும் செத்துரும், விதையை மட்டும் கொட்டிட்டு.

ட்ரெஸ்கோவுல கீழ்த் தளத்துல ஆரம்பிச்சு படி ஏறுங்க. கீழே ஈரமா, நிழலா நியூசிலாந்துப் பெரணிகள். மேல் தளத்துல தண்ணி சீக்கிரம் வடிஞ்சு காய்ஞ்சு கிடக்கும், அங்க தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும். ஒரு சின்ன மேட்டுல ஏறினா நாடு மாறும். மேலே போனதும் திரும்பி நின்னு, பூவுக்கு அப்பால அந்த பைன் வரிசையைப் பாருங்க. அதுக்கு வெளிய ரெண்டடி வச்சீங்கன்னா காற்று தொப்பியைப் பிடுங்கும்.

அடுத்த எபிசோட்ல மறுபடி கோடுக்கு வர்றேன். டேட்டாபேஸ் ரெப்ளிகேஷன். அதுவரைக்கும், வணக்கம்.